கோட்டில் முளைத்த முட்கள்

சிரிப்பு வரும். கொஞ்சம் பொறுங்கள், சிரிக்க வேண்டியவர் இன்னும் அந்த நிலைமையில் இல்லை.

பாலிடெக்னிக் வாத்தியார் தங்கப்பழம், தலை நரைத்தபிறகு ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தவர். வழிகாட்டி நிலோஃபர் மேடம் அவரைவிட நன்றாகவே இளையவர்.

தங்கப்பழம் செய்தது ஒரு பவர் கன்வெர்ட்டர். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுவிட்ச் போட்டு அணைத்து, வோல்ட்டேஜை இறக்கித் தரும் பலகை. கம்ப்யூட்டர் சிமுலேஷனில் அதன் வெளியீடு ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. நிஜப் பலகையிலோ, வோல்ட்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பின் திரை முழுக்க முள். மாலையில் ஆராய்ச்சியைச் சோதிக்கும் குழு வரும். முள் அடங்கவில்லை என்றால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து.

உட்கார்ந்தார். எழுந்தார். சுவிட்சை ஆட்டிவைக்கும் கண்ட்ரோலரின் எண்களை மாற்றினார், பழையபடி வைத்தார்.

"நான் எங்க தப்பு பண்றேன் மேடம்?"

"டீ குடிச்சிட்டு வாங்க சார்."

அவர் போனதும் மேடம் பலகையில் ஒரு சின்ன வேலை பார்த்தார். என்ன வேலை? அது அப்புறம்.

பாதி டீயோடு ஓடிவந்தவர், முள்ளை அடக்க ஒரு கெப்பாசிட்டரைப் பலகையில் பற்றவைத்தார்.

"இப்ப இறங்கியிருக்குல்ல மேடம்?"

"இறங்கியிருக்கா?"

"நல்லாவே."

இன்னொன்று வைத்தார். "ச்சே, ஏறிடுச்சே." கண்ட்ரோலர் எண்ணைக் கூட்டினார். "இப்ப பாருங்க, பயப்படுது."

மேடம் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"சளியா மேடம்?"

"ஆமா சார்."

பலகை கெப்பாசிட்டர் காடாகிவிட்டது. தங்கப்பழம் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"சிமுலேஷன்ல ஒழுங்காத்தானே இருந்துச்சு. இதுக்கு மட்டும் என்ன கேடு?"

"ஸ்கோப் ஒயர் எங்க போகுதுன்னு பாருங்க சார்."

விரலால் ஒயரைத் தொடர்ந்து போனார். நுனியில் ஓர் ஊசி, பக்கத்தில் நீளக் கறுப்பு ஒயரில் தொங்கும் ஒரு கிளிப். ஊசி வெளியீட்டைத் தொட வேண்டும். கிளிப் கிரவுண்டைக் கவ்வ வேண்டும். இரண்டும் கிரவுண்டிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"இது... எப்பலேர்ந்து?"

"நீங்க டீக்குப் போனதுலேர்ந்து."

"அப்ப நான் இறங்கியிருக்குன்னு சொன்னது?"

"எனக்குச் சளி இல்ல சார்."

தங்கப்பழத்துக்குக் காது சிவந்தது. பிறகு திரையைப் பார்த்தார். முள் இன்னும் இருந்தது.

"மேடம், ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா கோடு நேரா வரணுமே?"

மேடம் கிளிப்போடு அந்த நீளக் கறுப்பு ஒயரைக் கழற்றினார். அதற்குப் பதில் கிரவுண்டைத் தொட நகமளவு ஸ்பிரிங் ஒன்றை மாட்டி, ஊசியை வெளியீட்டில் வைத்தார். கோடு அப்படியே படுத்துக்கொண்டது.

"அப்ப அந்த முள்ளு யாரோடது?"

மேடம் கழற்றிய ஒயரை அவர் கையில் கொடுத்தார்.

"பக்கத்துல சுவிட்ச் அடிக்கிறதையெல்லாம் இந்த நீள ஒயர் ஏரியல் மாதிரி பிடிச்சுக் காட்டுது. சிமுலேஷன்ல பலகைய வச்சீங்க, கண்ட்ரோலர வச்சீங்க. அளக்குற ஒயர வச்சீங்களா சார்?"