பாய்க்கு அந்தப் பக்கம்

சென்னைக்குத் தெற்கே, ஓர் உப்பங்கழியின் கரையில், குரு ஒருவர் குடியிருந்தார். குடியிருந்தார் என்பதுதான் சரியான சொல். ஆசிரமம் என்று சொல்ல அங்கே மானும் இல்லை, மரத்தடியும் இல்லை. வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளும், எவ்வளவு திருகினாலும் சொட்டுகிற ஒரு குழாயும் இருந்தன. வியாழக்கிழமைகளில் நாலைந்து பேர் வந்து உபநிடதம் படித்துவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் கேள்விகளோடு வருவார்கள். குருவுக்கு வியாழக்கிழமைகளே பிடிக்கும்.

ஒரு புதன்கிழமை திருவேங்கடம் வந்தார். பாலம் கட்டும் பொறியாளர். குருவைவிட ஐந்து வயது மூத்தவர். சீடர் மூத்தவராக இருக்கக் கூடாது என்று எந்த நூலிலும் இல்லை. தேடிப் பார்த்தவர்கள் உண்டு.

"சாமி, ஒரு கேள்வி."

"மோட்சமா, குடும்பமா?"

"குடும்பம்."

குரு கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "மோட்சம்னா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். சரி, சொல்லுங்க."

திருவேங்கடத்திடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது. காருக்குப் பின்னால் டிரெய்லரில் வைத்து இழுத்து வரலாம். காலையில் தண்ணீரில் இறக்கி, குடும்பத்தோடு சுற்றிவிட்டு, மாலையில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்திவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே வாங்கியது. ஆரம்பத்தில் மனைவி காஞ்சனாவும் மகள் மிருதுளாவும் தவறாமல் வந்தார்கள். பிறகு காஞ்சனாவுக்கு இடுப்பு வலி வந்தது. அது சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை காலையில் போய்விடுகிற வலி. மகள் இன்னும் கொஞ்ச நாள் வந்தாள். பிறகு அவளும் நின்றுவிட்டாள்.

"அடுத்த வாரம் காலேஜுக்கு டில்லி போறா, சாமி. இந்த ஞாயித்துக்கிழமைதான் கடைசி. படகுல போலாம்மான்னேன். பெரம்பூர்ல அத்தை வீட்டுக்குப் போறாளாம்."

"அங்க என்ன இருக்கு?"

"ஒரு சோபா இருக்கு. ஒரு கிழட்டு நாய் இருக்கு. வேற ஒண்ணும் இல்லை." திருவேங்கடத்தின் குரல் இறங்கியது. "அவளுக்காக வாங்கின படகு, சாமி. என்ன சொன்னா வருவா? அதை மட்டும் சொல்லிக் கொடுங்க."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குரு எழுந்து போய் அதைத் திருகிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நாளைக்குப் பாடம் வேண்டாம். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"சாமிக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"பரவாயில்லை. கழியில பாதி இடம் முழங்கால் ஆழந்தான்."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

மறுநாள் காலை படகு கரைக்கு வந்தது. குரு ஒரு கல்லில் உட்கார்ந்தார். திருவேங்கடம் கட்டுகளை அவிழ்த்தார், பாய்மரத்தை நிமிர்த்தினார், கம்பிகளை இழுத்து முடுக்கினார், ஒரு கொக்கியைக் காணோம் என்று காரின் இருக்கைக்கு அடியில் தேடினார்.

"இதோ பத்து நிமிஷம், சாமி."

வெயில் ஏறியது. கொக்கி கிடைத்தது. அது வேறு கொக்கி.

"இதோ பத்து நிமிஷம்."

"வீட்டுல வர்றவங்க இந்த நேரத்துல என்ன செய்வாங்க?" என்று கேட்டார் குரு.

"கார்ல உக்காந்திருப்பாங்க. எலுமிச்சை சாதம் இருக்கும். ஆனா தண்ணிக்குப் போய்த்தான் சாப்பிடணும். அதுதான் அழகு."

குரு தலையசைத்தார். அவர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

வெயில் நன்றாக ஏறிய பிறகு படகு மிதந்தது. திருவேங்கடம் குருவின் வேட்டிக்கு மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி வார்களை இறுக்கினார். "காத்து கம்மி. எடை பாய்க்கு அந்தப் பக்கம் இருக்கணும்."

"எடைன்னா?"

"நீங்க, சாமி."

எடை பாய்க்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. இப்போது இருவருக்கும் நடுவில் வெள்ளைத் துணி. கீழே குருவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. திருவேங்கடம் பின்னால் அமர்ந்து ஒரு கையில் சுக்கானும் மறு கையில் கயிறுமாக மேலே பார்த்தார். பாயில் இரண்டு சிவப்புக் கம்பளி நூல்கள் தைக்கப்பட்டிருந்தன. இரண்டும் ஒரே மட்டத்தில் பின்னோக்கிப் பறந்தால் பாய் சரியாக இருக்கிறது என்று பொருள். ஒன்று தொங்கினால் சரியில்லை. ஒன்று எப்போதும் தொங்கும்.

"காத்து பாயைத் தள்ளுதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. உண்மையில இழுக்குது, சாமி. அதைப் புரிஞ்சுக்கிட்டா போதும்."

"அங்க ஒரு பறவை நிக்குது," என்றது பாய்க்கு அந்தப் பக்கத்துக் குரல். "வாய் கரண்டி மாதிரி இருக்கு. என்ன பறவை?"

"கொஞ்சம் முன்னால நகருங்க, சாமி. ரொம்ப இல்லை. ஆங்."

"தாகமா இருக்கு."

"இந்த ஓட்டம் முடியட்டும். இப்ப நடுவுல நின்னா வேகம் செத்துடும்."

கொஞ்ச தூரம் போனார்கள். தண்ணீருக்கடியில் மணல் தெரிந்தது. படகு ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில் போனது.

"நான் இறங்கறேன்," என்றார் குரு.

"அப்படியே அசையாம இருங்க, சாமி," என்றார் திருவேங்கடம். ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

குரு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வயதுக்குரிய ஒரு முனகலோடு, தண்ணீரில் இறங்கினார். முழங்கால் அளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

எடை குறைந்த படகு சற்று நிமிர்ந்து வேகம் எடுத்தது.

"பாத்தீங்களா, சாமி," என்றார் திருவேங்கடம். "கயிறை ரெண்டு விரல் தளர்த்தினேன். அவ்வளவுதான். இப்ப எப்படிப் போகுது பாருங்க. நீங்க உக்காந்திருக்கற இடமும் ரொம்ப சரி. காஞ்சனாவுக்கு இதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அவளால ஒரு இடத்துல இருக்க முடியாது."

இரண்டு நூல்களும் ஒரே மட்டத்தில் பறந்தன. இப்படி நடந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. திருவேங்கடத்துக்குப் பேச்சு ஊறியது. பருவக்காற்றைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்து வணிகர்கள் ஆறு மாதம் அதற்காகக் காத்திருந்ததைச் சொன்னார். மிருதுளா சின்னப் பெண்ணாக இருந்தபோது சுக்கானைப் பிடிக்கக் கொடுத்ததையும், அவள் தப்பாகத் திருப்பியதும் உடனே வாங்கிக்கொண்டதையும் சொன்னார். "பொறுமை வேணும் இல்லையா, சாமி? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அது இல்லை," என்றார். மறுப்பு எதுவும் வரவில்லை. குரு இவ்வளவு கவனமாகக் கேட்டது இதுவே முதல் தடவை என்று நினைத்துக்கொண்டார்.

கழியின் மறுகரை நெருங்கியது.

"திரும்பப் போறோம், சாமி. பாயோட அடிக்கட்டை தலைக்கு மேல வரும். குனிஞ்சுக்கோங்க."

சுக்கானைத் திருப்பினார். பாய் மறுபக்கம் போயிற்று.

அது மறைத்திருந்த இடத்தில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் இருந்தது.

திருவேங்கடத்தின் கையிலிருந்து கயிறு நழுவியது. முதலில் தண்ணீருக்குள் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். வெகு தூரத்தில், வெயிலில், ஓர் ஆரஞ்சுப் புள்ளி நின்றுகொண்டிருந்தது.

எதிர்க்காற்றில் திரும்பி வர நெடுநேரம் ஆயிற்று. வளைந்து வளைந்து வந்தார். மணலில் படகின் அடி தட்டியதும் பாயைச் சரிய விட்டுவிட்டு, கால்சட்டை நனைய இறங்கி, படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

குரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கரண்டி வாயால் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.

"உயிரே போயிடுச்சு, சாமி. ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கியிருக்கலாமே."

"சொன்னேன்."

"எப்ப?"

"பதில்கூடச் சொன்னீங்க. அசையாம இருன்னு."

திருவேங்கடம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படகு காற்றுக்கு மெல்ல இழுத்தது, பிடித்து நிறுத்தினார். "இவ்வளவு நேரமும் உங்ககூடத்தான் பேசிட்டு வந்தேன்."

குருவுக்குக் கால் வலித்தது. தண்ணீரில் கால் மாற்றி நின்றார்.

"மிருதுளாகிட்டயும் இப்படித்தான், சாமி. இந்தப் படகுல உக்காந்து அவகிட்ட நான் பேசாத பேச்சு இல்லை. அவ என்னடான்னா..."

"அவளை விடுங்க," என்றார் குரு. "என்கூடப் பேசிட்டு வந்தீங்க இல்லையா?"

"ஆமாம், சாமி. வழி பூராவும்."

"நான் என்ன பதில் சொன்னேன்?"