அரக்கு வைத்த டேங்க்

பொள்ளாச்சி இளநீர் வியாபாரி திருமலைசாமிக்கு உலகத்தில் எல்லோருமே திருடர்கள்தான். டிரைவர் மாரப்பன் டீசலை உறிஞ்சி விற்கிறான் என்று நினைத்து, பழைய வேனின் டேங்க் மூடியில் இண்டு இடுக்கு விடாமல் அரக்கை உருக்கி ஊற்றி, மோதிரத்தால் முத்திரையும் குத்தினார். அன்றிலிருந்து வேன் கொஞ்ச தூரம் ஓடும், திணறும், நின்றுவிடும்.

"சீல் வெச்சும் திருடறான் பாரு" என்று ஒருநாள் அவரே கூட ஏறி வந்தார். சந்தைக்குப் பக்கத்தில் வேன் நின்றது. கூட்டம் கூடியது.

"சீலைத் தொடாம காரணத்தைச் சொல்லுடா. இல்லீன்னா உன்னை ஸ்டேஷன்ல ஒப்படைச்சுருவேன்."

"சொல்றனுங்க. மொதல்ல ஒரு இளநி குடிங்க."

மாரப்பன் இளநீரில் சின்ன ஓட்டை போட்டு ஸ்ட்ராவைச் செருகினான். பக்கத்துப் பரோட்டாக் கடையில் ஒரு உருண்டை மாவு வாங்கி, ஸ்ட்ராவைச் சுற்றி இறுக்கமாக அப்பி நீட்டினான்.

"இதென்னடா?"

"சீலுங்க. இளநியை யாராச்சும் திருடிட்டா?"

முதலாளி உறிஞ்சினார். ஒரு மடக்கு வந்தது. அப்புறம் கன்னம் ஒட்டி, கண் பிதுங்கியதுதான் மிச்சம்.

"காத்து உள்ள போக வழியில்லாம எப்படிடா தண்ணி வரும்?"

"அதையேதானுங்க வேனும் இத்தனை நாளாக் கேட்டுட்டிருக்குது."

கூட்டம் சிரித்தது. முதலாளியே அரக்கைப் பெயர்த்து மூடியைத் திருகினார். டேங்க் 'புஸ்' என்று காற்றை இழுத்தது. வேன் கிளம்பியது.

திரும்பும்போது அவர் முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் இளநீர்க் குலைகளுக்கு நடுவே, டேங்க் மூடி தெரியும்படி தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்.