மயில் அழைத்து வந்த பண்ணைக்கோழி

ஒரு காட்டில் இருந்த விலங்குகளுக்கெல்லாம் திடீரென்று ஓர் ஆசை வந்தது, குழந்தைகளே. ஆளுக்கொரு கோழி வளர்க்க வேண்டும் என்ற ஆசை!

அது வந்த விதத்தைக் கேளுங்கள். காட்டை ஒட்டி ஒரு பெரிய கோழிப்பண்ணை இருந்தது. அங்கே கோழிகள் கம்பிக்கூண்டுகளில் அடுக்கடுக்காக அடைபட்டுக் கிடந்தன. சிறகை விரிக்க இடமில்லை. காலுக்குக் கீழேகூட மண் இல்லை, கம்பிதான். முட்டையிடுவது குறைந்ததும் பண்ணைக்காரர் அவற்றை வேலிக்கு வெளியே விட்டுவிடுவார். எங்கே போவதென்று தெரியாமல் அவை விட்ட இடத்திலேயே நிற்கும்.

அப்படி நின்ற ஒரு கோழியை முயல் தன் வளைக்கு அழைத்து வந்தது. பொறுமையாகப் பழக்கியது. இரண்டே மாதத்தில் அந்தக் கோழிக்கு உதிர்ந்த இறகெல்லாம் முளைத்தது. மண்ணைக் கிளறிப் புழு பிடிக்கவும் கற்றுக்கொண்டது. அதைப் பார்க்கக் காடே திரண்டு வந்தது.

"முயலுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு!" என்று எல்லா விலங்குகளும் புகழ்ந்தன.

அவ்வளவுதான். அடுத்த வாரமே குரங்கு ஒரு கோழியைக் கொண்டுவந்தது. பிறகு மான், பிறகு முள்ளம்பன்றி. வழியில் யாரைப் பார்த்தாலும், "உங்கள் வீட்டுக்குக் கோழி வந்துவிட்டதா?" என்பதே முதல் கேள்வியாகிவிட்டது.

புகழ்ச்சி என்றால் உயிரை விடும் மயிலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதுவும் வேலியோரம் போய், இருப்பதிலேயே மெலிந்த ஒரு கோழியைத் தேர்ந்தெடுத்தது. கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை. அப்போதுதானே பார்ப்பவர்கள் மனமிரங்குவார்கள்!

வழியில் முயல் எதிர்ப்பட்டது.

"மயிலண்ணா, ஒன்று சொல்கிறேன். என் கோழி வளைக்குள் தூங்குகிறது. உங்களுக்கோ மரம்தான் வீடு. கூண்டில் வளர்ந்த கோழிக்குக் கிளையேறத் தெரியாது. தினமும் பொழுது சாயும்போது நீங்கள்தான் கூடவே இருந்து ஏற்றிவிட வேண்டும்."

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு மயில் நடந்தது.

முதல் சில நாட்கள் மயில் கோழியை விட்டு நகரவே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம், "பாவம், இதைக் காப்பாற்றியது நான்தான்!" என்று சொல்லும். மாலையில் முதுகைக் கொடுத்துக் கோழியைத் தாழ்ந்த கிளையில் ஏற்றிவிடும்.

கோழிக்கோ எல்லாமே புதிதாக இருந்தது. நான்கு அடி நடக்கும், உடனே திரும்பிவிடும். அதற்குமேல் நடக்கலாம் என்பதே அதற்குத் தெரியாது. ஒரு நாள் காலை, அது மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணா, அண்ணா! நான் அந்தப் புளியமரம்வரை போய்விட்டு வந்தேன்! நீங்கள் பார்த்தீர்களா?"

"நாளைக்குப் பார்க்கிறேன். இப்போது கொக்குகள் என்னைப் பார்க்க வந்திருக்கின்றன" என்றது மயில்.

நாட்கள் போயின. கோழியைப் பார்க்க வருகிறவர்கள் குறைந்தார்கள். மயிலும் மாலைகளில் தாமதமாக வரத் தொடங்கியது.

ஒரு நாள் பிற்பகல் வானம் கறுத்தது. குளக்கரையில் மயிலின் ஆட்டத்தைக் காண எல்லோரும் கூடிவிட்டார்கள் என்று சேதி வந்தது.

"நான் வரும்வரை இந்த மரத்தடியிலேயே இரு" என்றது மயில்.

"சரி அண்ணா" என்றது கோழி.

மயில் ஆடியது. ஒருமுறை ஆடி முடித்ததும், "இன்னொரு முறை! இன்னொரு முறை!" என்று எல்லோரும் கேட்டார்கள். பொழுது சாய்ந்ததை மயில் கவனிக்கவே இல்லை. நினைவு வந்து ஓடி வந்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. ஈர மண்ணில் சிறு இறகுகள் ஒட்டிக் கிடந்தன. கழுத்தில் அப்போதுதான் முளைத்த இளம் இறகுகள்.

மேல்கிளையிலிருந்து மைனா மெல்லப் பேசியது.

"காட்டுப்பூனை வந்தது, அண்ணா. 'ஓடு, ஓடு' என்று தொண்டை வலிக்கக் கத்தினேன். 'அண்ணா என்னை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டு அப்படியே நின்றது."

மயில் அந்த இறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தது. மறுநாள் முழுவதும் இரை எடுக்காமல் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தது.

மாலையில் துக்கம் விசாரிக்க எல்லோரும் வந்தார்கள். குரங்கு அதன் முதுகைத் தடவிக்கொடுத்தது.

"போனது போகட்டும், அண்ணா. வேலியோரம் இன்னும் எட்டுக் கோழிகள் நிற்கின்றன. நாளைக்கே வேறொன்றைக் கொண்டுவந்துவிடலாம்."

மயில் நிமிர்ந்து பார்த்தது.

"உன் கோழி இப்போது எங்கே இருக்கிறது, குரங்கே?"

"என் கோழியா? காலையில் ஆற்றங்கரையில் விட்டேன். அங்கேதான்..."

குரங்கின் பார்வை ஆற்றங்கரைப் பக்கம் போனது. மான் முள்ளம்பன்றியைப் பார்த்தது. முள்ளம்பன்றி தலையைக் குனிந்துகொண்டது. மேற்கே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நொடி, எல்லோரும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.

மானின் கோழி ஒரு புதருக்குள் நடுங்கிக்கொண்டு இருந்தது. முள்ளம்பன்றியின் கோழியும் கிடைத்துவிட்டது. குரங்கு மட்டும் ஆற்றங்கரை முழுவதும் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தது. மயிலும் கூடவே அலைந்து கூப்பிட்டது. இருட்டும்வரை எந்தப் பதிலும் வரவில்லை.

நீதி: ஓர் உயிருக்கு அடைக்கலம் கொடுத்தவர், அதை நாள்தோறும் காக்க வேண்டும்.