யாரும் பார்க்காத பூ

மரம்கூட முளைக்கப் பயப்படுகிற குளிர்மலை அது. அதன் உச்சிக்குச் செடி ஆராய்ச்சி என்று மூன்று பேரை அனுப்பினார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தலைவர் வேதகிரி. புத்தகம் சுமப்பவர் லூர்துசாமி. மூன்றாவது ஆள் பொன்னுரங்கம், ஆறு வருஷமாகத் தற்காலிகப் பணியாளன். புதுச் செடி கிடைத்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று வரப்போகிற மாமனார் சொல்லியிருந்தார். அதனால் அவனுக்கு அவசரம்.

மேலிடத்து உத்தரவு ஒரே வரி: “இதுவரை யாரும் பார்த்திராத பூச்செடி ஒன்றைக் கண்டெடுத்துப் பெட்டியில் அனுப்பவும்.”

முதல் நாளே பாறை இடுக்கில் நீலமாக ஒன்று பூத்திருந்தது. பஞ்சு மாதிரி இலை. லூர்துசாமி புத்தகத்தை மூன்று தரம் புரட்டினார். அப்படி ஒரு படமே இல்லை. பொன்னுரங்கம் மனசுக்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டான்.

“இதை யாராச்சும் பார்த்திருக்காங்களா?” என்று கேட்டார் வேதகிரி.

“நான் பார்த்தேனே சார். இப்பத்தான்” என்றான் பொன்னுரங்கம்.

“போச்சு. யாரும் பார்க்காததுன்னு எழுதியிருக்கு. உன்னை யாருய்யா பார்க்கச் சொன்னா?”

நியாயம்தான். பூவை விட்டுவிட்டு நடந்தார்கள். அடுத்து மஞ்சளாக ஒன்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன் என்று லூர்துசாமி சத்தியம் செய்தார். பாதி பார்த்தது கணக்கில் வருமா என்று வெயில் சாயும்வரை விவாதம். வரும் என்று தீர்ப்பாயிற்று. ஒரே வாரத்தில் பதினேழு செடி இப்படிப் போனது.

பொன்னுரங்கம்தான் வழி சொன்னான். மூவரும் மஃப்ளரால் கண்ணைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் தவழ்ந்தார்கள். வேதகிரி முள்ளைப் பிடித்தார். லூர்துசாமி வேதகிரியின் மீசையைப் பிடித்து, வேர் ரொம்ப ஆழம் என்று இழுத்தார்.

பக்கத்தில் ஒரு ஆடு கத்தியது.

“ஆடு பார்த்திருந்தா சார்?”

“ஆடு ரிப்போர்ட் எழுதாது. செல்லாது.”

அப்போது பொன்னுரங்கத்தின் கையில் மெத்தென்று ஒரு பூ தட்டுப்பட்டது. வேரோடு எடுத்தான். பெட்டியைத் துழாவுவதற்குள் ஆடு அதைத் தின்றுவிட்டது. குளிரில் விரல் மரத்திருந்ததால் அவனுக்குத் தெரியவில்லை. வெறுங்கையைப் பெட்டிக்குள் விட்டு உதறி, மூடி, பாதி ஆணியைப் பலகையிலும் மீதியைக் கட்டைவிரலிலும் அடித்துவிட்டுத்தான் கண்கட்டை அவிழ்த்தான்.

பத்து நாளில் பதில் வந்தது: “பெட்டியைத் திறந்தோம். உள்ளே எதுவும் காணப்படவில்லை.”

பொன்னுரங்கம் அழுதே விட்டான், சந்தோஷத்தில். திறந்து பார்த்தும் கண்ணில் படாத செடி. இதைவிடப் புதுசு எங்கே இருக்கும்? அப்படியே எழுதிப் போட்டார்கள்.

மேலிடமும் லேசுப்பட்ட இடமில்லை. கூட்டம் கூட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பெட்டியை ஆராய்ந்து, இனம் புதியதே என்று கையெழுத்துப் போட்டது. வேலை நிரந்தரம். ஆனால் கோப்பில் வைக்க இன்னும் மூன்று மாதிரிகள் உடனே தேவை.

இந்தத் தடவை யாரும் கண்ணைக் கட்டவில்லை; பார்க்கவே முடியாத செடிக்கு அது எதற்கு? லூர்துசாமி காற்றில் கையை விட்டு மூன்று செடிகளைப் பதமாகப் பிடுங்கினார். மூன்று பெட்டியில் வைத்து ஆணியை எடுத்தார். பொன்னுரங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மூணையும் அனுப்பிடாதீங்கண்ணே. ஒண்ணு இருக்கட்டும், விதைக்கு.”