குறையே இல்லாத பாட்டுச் சிமிழ்

மலைகளெல்லாம் இப்போது இருப்பதைவிட இரண்டு முழம் உயரமாக இருந்த காலம் அது. காக்கைகூட அப்போது வெள்ளையாக இருந்தது என்பார்கள். அதை நம்பவேண்டாம். இந்தக் கதையை நம்பலாம்.

கன்னல் நாட்டில் ஆவாரம்பேட்டை என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்கி வந்த பொருளைக் குறை சொல்லவே மாட்டார்கள். பானை ஒழுகுமா? "குறையே இல்லை" என்பார்கள். சேலைச் சாயம் காலெல்லாம் வழியுமா? "குறையே இல்லை" என்பார்கள். ஏமாந்து போனேன் என்று வாயால் சொல்வதைவிட, ஒழுகும் பானையில் மூன்று வருடம் சமைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிற கூட்டம்.

அந்த ஊரில் எண்ணெய்ச் செக்கு ஓட்டிப் பிழைத்தவள் பூங்காவனம். கணவன் தாண்டவன் எள் வாங்கி வருவான், எண்ணெய் விற்று வருவான். பூங்காவனம் மாட்டின் பின்னால் செக்கைச் சுற்றுவாள். காலையில் சுற்றுவாள், மதியம் சுற்றுவாள், சாயங்காலமும் சுற்றுவாள். ஒரே வட்டம், ஒரே மாடு, மாட்டின் ஒரே பின்பக்கம். மகள் கோமளிக்கு ஏழு வயது. கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் தலைப்பாகை கட்டிய ஒருவன் செக்கு வாசலில் வந்து நின்றான். தோளில் ஒரு மூட்டை.

"சுத்திச் சுத்தி அலுத்துப் போச்சா அம்மா?" என்றான். குரல் தேன் மாதிரி இருந்தது. பேசும்போது அவன் உதடு அசையவில்லை. பூங்காவனம் அதைப் பார்த்தாள். மீசை மறைக்கிறது போல என்று விட்டுவிட்டாள்.

மூட்டையிலிருந்து ஒரு சிமிழை எடுத்தான். குங்குமச் சிமிழ் அளவுதான், கன்னங்கரேல் என்று. அதிலிருந்து இரண்டு பட்டு நூல்கள் தொங்கின. நூல் நுனியில் பருத்திக் கொட்டை மாதிரி இரண்டு.

"கொட்டை ரெண்டையும் காதுல வச்சுக்கோங்க. சிமிழை இடுப்புல செருகிக்கோங்க. நடந்தாலும் பாடும், குனிஞ்சாலும் பாடும், குளத்துல இறங்கினாலும் பாடும். உங்களுக்கு மட்டும்தான் கேட்கும்."

"விலை?"

"ஐயோ, விலையெல்லாம் எதுக்கும்மா? திருப்தியா இருந்தா மூணு பேர்கிட்ட 'குறையே இல்லை'ன்னு சொல்லுங்க. அது போதும்."

அது எந்த ஊர் வியாபாரம் என்று அவள் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கொட்டைகளைக் காதில் வைத்தாள்.

அடடா! வீணை ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம், நடுமண்டையில் ஒரு பெண் பாடினாள். நினைத்த பாட்டு வந்தது. 'இன்னொரு தரம்' என்று நினைத்தால் இன்னொரு தரம் வந்தது. அன்றைக்குச் செக்கு சுற்றியதே அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மரகதம் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். அவள் காதிலும் இரண்டு கொட்டைகள் இருந்தன.

"நீயும் வாங்கிட்டியாடி? எப்படி இருக்கு?"

"குறையே இல்லை!" என்றாள் பூங்காவனம்.

அந்த நிமிஷம் செக்கு மாடு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து மணி ஆடியது. அதுவும் ஒலிக்கவில்லை. பூங்காவனத்துக்குத் தெரியவில்லை. காதில்தான் கச்சேரி நடக்கிறதே!

மறுநாள் நாத்தனார் சௌந்தரி வந்தாள். அண்ணன் வீட்டில் புதிதாக என்ன வாங்கினாலும் மூன்று தெரு தள்ளியிருக்கும் அவள் மூக்கு வியர்க்கும்.

"என்ன அண்ணி, இடுப்புல புதுசா என்னமோ தெரியுது? உருப்படியா பாடுதா?"

"குறையே இல்லை!" என்றாள் பூங்காவனம். நாத்தனாரிடம் வேறு என்ன சொல்வாள்?

அந்த நிமிஷம், கொல்லையில் எள் புடைத்துக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்த தாண்டவன் பாதியில் நின்றான். தொண்டையைப் பிடித்துக்கொண்டான். ஓடி வந்து மனைவி முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடினான். அவள் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே, "சரிங்க, சரிங்க, அப்படியே செய்யலாம்" என்றாள். பாவம், அந்த மனிதன் அழுதான். எள் தூசி கண்ணில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சிமிழில் அன்றைக்கு ஒரு புதுப் பாட்டு வந்திருந்தது. நல்ல கனத்த ஆண் குரல். கேட்கக் கேட்க நெஞ்சு குழைந்தது. யாரடா இது, எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று சொக்கிப் போனாள்.

மூன்றாம் நாள் கோமளி வந்து முந்தானையை இழுத்தாள். ஒரு தடவை இழுத்தாள், அம்மா திரும்பவில்லை. இரண்டு தடவை இழுத்தாள், திரும்பவில்லை. மூன்றாம் தடவை மாட்டின் முதுகில் ஏறி, கொட்டைகள் இரண்டையும் அம்மாவின் காதிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"அம்மா! அப்பா நேத்திலேர்ந்து பேசவேயில்லை! மாடு கத்தவேயில்லை! நீ ஏம்மா சிரிச்சுக்கிட்டே சுத்துறே?"

பூங்காவனம் நின்றாள். காது கொடுத்துக் கேட்டாள். மாடு நடந்தது, மணி ஆடியது, சத்தம் இல்லை. கணவன் எதிரில் நின்று வாயசைத்தான், சத்தம் இல்லை. ஒரு கொட்டையை மட்டும் மெதுவாகக் காதருகே கொண்டுபோனாள். அந்த ஆண் குரல் பாடிக்கொண்டிருந்தது. அடுத்த அடியை எடுக்குமுன் இலேசாகத் தொண்டையைச் செருமியது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டு வந்த செருமல் அது. சோறு கேட்கும்போதும் அதே செருமல், சண்டை போடும்போதும் அதே செருமல்.

"கடவுளே," என்றாள்.

சிமிழைக் கிணற்றில் போட்டாள். திரும்பி வீட்டுக்குள் வந்தால் அது இடுப்பில் இருந்தது, ஈரம்கூடப் படாமல். அடுப்பில் போட்டாள். சாம்பல் தட்டி எழுந்தால் அது இடுப்பில் இருந்தது, சூடுகூட இல்லாமல். செக்கு உரலில் போட்டு மாட்டை ஓட்டினாள். உலக்கை ஏறியதும் சிமிழுக்குள்ளிருந்து தாண்டவன் குரல், "ஐயோ, எலும்பு நொறுங்குதே!" என்று அலறியது. எதிரே நின்ற தாண்டவன் மார்பைப் பிடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தான். மாட்டை நிறுத்திவிட்டாள்.

மரகதம் வீட்டுக்கு ஓடினாள். மரகதத்தின் மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கணவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டிலில் ஆறுமாதக் குழந்தை முகம் சிவக்க, கால் உதைக்க, வீறிட்டு அழுதது. தொட்டில் கயிறு குலுங்கியது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

"மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டியாடி?" என்றாள் பூங்காவனம்.

மரகதம் கதவைச் சாத்தினாள். "மெதுவா பேசுடி. இந்தத் தெருவுல எல்லா வீடும் இப்படித்தான். வெளியே சொல்லித் தொலைக்காதே. ஒரு தலைப்பாகைக்காரன்கிட்ட ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்."

"உன் குழந்தை அழுவுதுடி!"

"பார்த்துக்கிட்டே இருக்கேன் இல்லே? பார்த்தா தெரியுது." அப்படிச் சொல்லிக்கொண்டே தொட்டிலை வேகமாக ஆட்டினாள்.

பூங்காவனம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்று, மாடு. இரண்டு, கணவன். வீட்டில் குரல் மிச்சம் இருப்பது இனி யாருக்கு? கோமளிக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை வாய் தவறினால் போதும்.

மறுநாள் சந்தை. நடுச்சந்தையில் புளியமரத்தடியில் தலைப்பாகைக்காரன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புச் சால், வாய் கட்டிய பெரிய மண்பானை. அதற்குள்ளிருந்து தேன்கூடு மாதிரி ஓர் இரைச்சல். பூங்காவனம் கணவனையும் மகளையும் கூட்டிக்கொண்டு நேராக அவனிடம் போனாள்.

"எடுத்ததைக் கொடுத்துடு."

"எதைக் கொடுக்கணும் பூங்காவனம்?" என்றான் அவன், தாண்டவன் குரலில். தாண்டவன் கூசிப் பின்வாங்கினான். "நான் எதையும் பறிக்கலையே," என்றான் அடுத்து, ஒரு கிழவியின் குரலில். "நீங்கதான் சொல்லிச் சொல்லிக் கொடுத்தீங்க," என்றான் பிறகு, ஒரு பச்சைப்பிள்ளையின் மழலையில்.

"திருப்பி வாங்க என்ன வழி?"

அவனுக்கு உதடு மட்டும் சிரித்தது. "கேட்டா மறைக்கக்கூடாது. எங்க மந்திரத்துக்கு அப்படி ஒரு சட்டம். பத்துப் பேர் பார்க்க, 'நான் ஏமாந்து போனேன்'னு மூணு தடவை உரக்கச் சொல்லணும். அவ்வளவுதான். சொன்னா சால் உடையும். ஐந்நூறு வருஷமா ஊர் ஊரா போறேன். ஒருத்திகூடச் சொன்னதில்லை."

அந்தச் சமயத்திலா சௌந்தரி வந்து சேரவேண்டும்? கூட நாலு தோழிகள் வேறு. ஊருக்கே கேட்கும்படி, "என்ன அண்ணி, மரத்தடியில என்ன பேரம்? சிமிழ் மக்கர் பண்ணுதா?" என்றாள்.

வழக்கம் பொல்லாதது. பூங்காவனத்தின் நாக்கு தானாகப் புரண்டது. "குறையே..."

"அம்மா!" என்று கூப்பிட்டாள் கோமளி. மறுபடி கூப்பிட்டாள், "ம்மா" என்றுதான் வந்தது. மறுபடி கூப்பிட்டாள், வெறும் காற்றுதான் வந்தது.

பூங்காவனம் நாக்கை இரத்தம் வரக் கடித்தாள். மீதி வார்த்தையை விழுங்கினாள். பிள்ளை வாயைத் திறந்தபடி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. குரல் போகவும் இல்லை, வரவும் இல்லை. சாலின் கழுத்தில் நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்," என்றாள் பூங்காவனம். "நான் ஏமாந்து போனேன்."

சாலில் மயிரிழை போல ஒரு விரிசல். கத்தரிக்காய்க்காரன் பக்கென்று சிரித்தான். அவனைப் பார்த்து வளையல்காரி சிரித்தாள். சிரிப்பு சந்தை முழுக்கப் பரவியது.

"நான் ஏமாந்து போனேன்!"

விரிசல் பாதிச் சாலுக்கு ஓடியது. சௌந்தரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாயை மூடுங்க அண்ணி! எங்கண்ணன் மானம் போகுது!"

"உங்கண்ணனுக்கு மானமெல்லாம் பத்திரமா இருக்கு. குரல்தான் இல்லை. தள்ளு!"

தலைப்பாகைக்காரன் எழுந்தான். அவன் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. பூங்காவனத்தின் காதருகே குனிந்து, செத்துப்போன அவள் அம்மாவின் குரலில், "கண்ணு, எதுக்கு இந்த வம்பு? உன் பிள்ளை, உன் புருஷன், உன் மாடு. மூணையும் இப்பவே கையில தர்றேன். யாருக்கும் தெரியாது. சிரிப்பும் அடங்கிடும். வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ," என்றான்.

அம்மாவின் குரல். பூங்காவனம் தலை நிமிர்ந்தாள். கோமளியைப் பார்த்தாள். மூன்றும் கிடைக்கிறதே! வேறென்ன வேண்டும்? ஊர்க்காரிகள் பாடு ஊர்க்காரிகளோடு. கையை நீட்டிவிட்டாள்.

நீட்டிய கைக்கு நேரே மரகதம் நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக அவளும் பொய்ச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளில், முதுகுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. புளியமரத்துச் சிவப்பெறும்புகள் அதன் கழுத்தில் ஏறி, காதுக்குள் போய்க்கொண்டிருந்தன. குழந்தை நீலம் பாரித்து, மூச்சுமுட்ட, துடித்துத் துடித்து அழுதது. மரகதத்துக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அழுகைக்குச் சத்தம் இருந்தால்தானே தாய் திரும்புவாள்!

பூங்காவனம் பாய்ந்து போய் எறும்புகளைத் தட்டினாள். தட்டிக்கொண்டே, வாய் கிழிய, சந்தையின் கடைசிக் கூடை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்:

"கேட்டுக்கோங்க! பல்லைக் காட்டிச் சிரிங்க! நான் ஏமாந்து போனேன்!"

சால் வெடித்தது.

ஐயோ, அந்த இரைச்சலை எப்படிச் சொல்வது! ஐந்நூறு வருடத்துக் குரல்கள். கோழி, கிழவன், கோயில் மணி, இருமல், கொட்டாவி, பெயர் தெரியாத ஊர்களின் தாலாட்டு, எல்லாம் புளியமரத்தைச் சுற்றிச் சுழன்று, வீடு தெரிந்தவை வீட்டுக்கும், தெரியாதவை வானத்துக்கும் பறந்தன. தலைப்பாகைக்காரன் கத்த வாயைத் திறந்தான். அவனுக்கென்று சொந்தமாக ஒரு குரலும் இல்லை. திறந்த வாய் விரிந்தது, விரிந்தது, அவனையே விழுங்கியது. தரையில் ஒரு தலைப்பாகைத் துணி கிடந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை.

"அம்மா, அவன் எங்கேம்மா போனான்? ஏம்மா போனான்? திரும்பி வருவானாம்மா?" என்று கோமளி ஆரம்பித்தாள். தாண்டவன் தொண்டையைச் செருமினான். "ரெண்டு நாளா சோறு சோறுன்னு கத்துறேன், தலையை ஆட்டிக்கிட்டா நிக்கிறே?" என்றான். சந்தைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "நானும் ஏமாந்துட்டேண்டி," என்றாள். இன்னொருத்தி, "நானும்" என்றாள். சௌந்தரிகூடத் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு அண்ணி," என்றாள்.

விஷயம் அரண்மனைக்குப் போய், அரசி பல்லக்கில் வந்து, பூங்காவனத்துக்கு இரண்டு செக்கும் நாலு மாடும் கொடுத்து, சந்தைக்கே அவளைத் தலைவியாக்கியதெல்லாம் மறுநாள்.

அன்றைக்கு நடந்தது வேறு. மரகதத்தின் தோளில் இருந்த குழந்தைக்குக் குரல் திரும்பி வந்தது. எறும்புக் கடியும் மூன்று நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. காது கிழியும்படி, ராகம் கெட்டு, தாளம் கெட்டு, தொண்டை கட்டிக் கதறியது. பேரம் பேசியவர்கள் பேரத்தை நிறுத்தினார்கள். தராசு பிடித்தவன் தராசைக் கீழே வைத்தான். சந்தை முழுக்கச் சுற்றி நின்று, மூச்சு விடாமல் கேட்டது. யாரும் உஷ் என்று சொல்லவில்லை. மரகதம் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, தேம்பித் தேம்பி, "அழுடா தங்கம், இன்னும் உரக்க அழு" என்றாள்.

அது அழுது ஓய்ந்த பிறகுதான் சந்தை கலைந்தது. கதையும் அங்கேயே கலைகிறது. எழுந்திருங்கள், போய்க் கை கால் கழுவுங்கள்.