அடித்துவிட்ட ஒன்பதாவது பாரா

கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி நாள். வக்கீல் குமாஸ்தாவாக இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், அந்த ஒரு நாள் எனக்கு ஆகவே ஆகாது. ஊரில் உள்ள அவசரமெல்லாம் அன்றைக்குத்தான் கோர்ட்டு ஏறும்.

மாவு மில் பாபநாசம் அண்ணாச்சி காலை ஒன்பதுக்கே வந்துவிட்டார். 

"என் தம்பி, மந்திரம்னு பேரு, எங்க வீட்டுப் பாதையில அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிட்டான், மேடம். நாளைக்குச் சுவர் எழுப்புறான்."

மேடம் என்றால் வக்கீல் செண்பகவல்லி. வயது நாற்பது. அவரிடம் தொழில் பழகும் ஞானமுத்து சாருக்கு ஐம்பத்தாறு. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, அப்புறம் சட்டம் படித்தவர். வயசுக்கு மரியாதை மேடம் கொடுப்பார், வித்தைக்கு மரியாதை சார் கொடுப்பார். நடுவில் ஓடுகிறவன் நான்.

"பாதை எவ்வளவு அகலம்?"

"அஞ்சடி. பொதுப் பாதைன்னு பாகப் பத்திரத்துலயே இருக்கு. சுவர் வந்தா ஒன்றரை அடிதான் மிஞ்சும். வீட்டுக்காரிக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், மேடம். ரெண்டு எட்டு நடக்க மாட்டா. ஆட்டோ வாசல் வரைக்கும் வந்தாத்தான் அவளுக்கு உசிரு."

வீடு அவர் சம்சாரம் ஆவுடையம்மாள் பேரில் இருந்தது. அதனால் வழக்கும் அந்தம்மா பேரில்தான் போட வேண்டும். ஆபீஸ் வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார்.

"தம்பிகிட்டப் பேசிப் பாத்தீங்களா?"

அண்ணாச்சி வாசலை ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பேசினேன். 'உம் பொண்டாட்டி இன்னும் எத்தனை நாளைக்கு ஆட்டோவுல போவா? பாடை போறதுக்கு ஒன்றரை அடி போதும்'னான்."

 கூடப்பிறந்தவன் வாயிலா இப்படி வரும்? பாவி!

ஞானமுத்து சார் முகம் சிவந்து போய் உள்ளே போனார். பதினொரு மணிக்குப் பதினாலு பக்கப் பிராதோடு வெளியே வந்தார். சுவர் கூடாது, முழுப் பாதையும் எங்களுக்கே சொந்தம், நஷ்டஈடு வேண்டும், பிரதிவாதி மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒன்றையும் விடவில்லை.

"பன்னிரண்டரைக்குள்ள தாக்கல் ஆகணும்" என்று நான் கத்தினேன். "இல்லைன்னா மத்தியானம் ஜட்ஜ் மேசைக்குப் போகாது. நாளையிலிருந்து கோர்ட்டுக்குப் பூட்டு. விடுமுறைக் கோர்ட்டு ஜில்லாவுல உக்காருறதுக்குள்ள சுவர் காஞ்சிடும்!"

மேடம் நிதானமாகப் படித்தார். நிதானமாகப் பேனாவால் அடித்தார்.

"முழுப் பாதையும் நம்மதுன்னு கேட்டா நம்ம பத்திரமே நமக்கு எதிரி. பொதுப் பாதை, அடைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"மேடம், கேட்காததைக் கோர்ட்டு தராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் எல்லாத்தையும் கேட்டேன்."

மேடம் பக்கத்தைப் புரட்டினார். ஒன்பதாவது பாராவுக்கு வந்தார். தம்பி மந்திரம் சொன்ன அந்த வார்த்தை அப்படியே அதில் இருந்தது. ஒரே கோடு.

"ஐயோ, அதை அடிக்காதீங்க மேடம்!" அண்ணாச்சி எழுந்தே விட்டார். "ஜட்ஜ் அதைத்தானே படிக்கணும்!"

"அதுதானே மேடம் கேஸே?" என்றார் சார்.

"நீங்க டைப் அடிங்க" என்று என்னிடம் சொன்னார் மேடம்.

ஆறு பக்கம் வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஆட்டோவுக்கு ஓடினேன். வழக்குப் போடுகிறவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியதெல்லாம் உண்மை என்று கடைசியில் தனியாக வேறு ஒன்று. படிக்காமல் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வது மேடம் வழக்கம். பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். ஆவுடையம்மாள் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். எனக்கு உயிர் போனது.

"வடக்கே முத்தையா வீடுன்னு போட்டிருக்கு. அது அவன் மக பேருக்கு மாறி மூணு வருசமாச்சே, அண்ணே."

தப்புத்தான். பேனாவால் திருத்தி, பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பறந்தேன். பன்னிரண்டு இருபத்தெட்டுக்குத் தாக்கல்.

மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.  மேடம் பத்திரத்தையும், தோண்டிய வானத்தின் போட்டோவையும், ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொடுத்தார்.

"இன்னைக்கு என்ன வேணும்?" என்றார் ஜட்ஜ்.

"அஞ்சடி, ஐயா. அடுத்த வாய்தா வரைக்கும்."

ஜட்ஜ் ஒரு முறை போட்டோவைப் பார்த்தார். ஜூன் பன்னிரண்டு வரை பாதையில் கட்டக் கூடாது என்று இடைக்காலத் தடை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்.

வராந்தாவில் அண்ணாச்சி அழுதார். "ஜெயிச்சிட்டோமா, மேடம்?"

"இல்லை. இது தீர்ப்பில்ல. உங்க தம்பி வந்து அவர் பக்கத்தைச் சொல்லுவார், அதுக்கப்புறம்தான் விசாரணை. ஆனா அதுவரைக்கும் ஆட்டோ போகும். உத்தரவுக் காப்பியை நம்ம குமாஸ்தா வாங்கித் தருவார், இன்னைக்கே தம்பி கையில சேர்த்துடுங்க."

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தார். ஞானமுத்து சாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. காலையிலிருந்து அடக்கிவைத்தது வெளியே வந்தது.

"சுவருக்குத் தடை கிடைச்சுது, சரி. அந்த வார்த்தைக்கு இந்தக் கோர்ட்டுல ஒரு பரிகாரமும் இல்லையா, மேடம்? அதை ஒரு வரி எழுதக்கூட நமக்கு உரிமை கிடையாதா?"

மேடம் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

"எழுதலாம், சார். எழுதினதைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட வேண்டியது யாரு?"