கல் மேல் ஏற்றிய வண்டி

போடி மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருந்த கனி ராவுத்தருக்குப் பேச்சு என்றால் வேப்பங்காயாகக் கசக்கும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவர் மாதிரி இருப்பார். அவரிடம் தொழில் கற்க வந்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது எதுவும் இல்லை. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பெரிய ஞானம் என்று ஊரே மெச்சிக்கொண்டது. மெச்சுவதற்கு ஊருக்கு என்ன செலவு?

ஒரு காரின் கூட்டை அப்படியே கழற்றி, காடுமேடெல்லாம் ஏறுகிற பழைய ராணுவ வண்டியின் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் உட்காரவைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஏலத்தோட்ட முதலாளிகளுக்கு மேலே காரின் சொகுசும் வேண்டும், கீழே மலையேறும் சக்கரமும் வேண்டும். இரண்டையும் ராவுத்தர் செய்து கொடுப்பார்.

அவரிடம் வேலை கற்றவன் ஒச்சப்பன். லாரி ஓட்டி அலுத்துப்போய், ராவுத்தரின் வயசே ஆகியிருந்தும் கூச்சப்படாமல் வந்து சேர்ந்தவன். வருஷக்கணக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். கை தேறிவிட்டது என்று தோன்றியதும், தேனிப் பக்கம் தனிப் பட்டறை போட்டான்.

அங்கே அவன் கட்டிய முதல் வண்டியை மலைக்கு ஓட்டிப்போனவன் மச்சினன் மாயன். ஒச்சப்பனின் மனைவி விருமாயிக்கு ஒரே தம்பி. காட்டோடையைக் கடக்கும்போது மேலே பெய்த மழையில் தண்ணீர் திடீரென்று பெருகி வந்துவிட்டது. முன்சக்கரம் ஒன்று பாறை மேல் ஏறி, பின்சக்கரம் ஒன்று பள்ளத்தில் சிக்கி, வண்டி கோணிக்கொண்டு நின்றது. கரையில் தோட்டத்து ஆட்கள் கத்திக்கொண்டு நின்றார்கள். உள்ளே மாயன் கதவைத் தோளால் இடித்தது அவர்களுக்குத் தெரிந்தது. மழைக்காக ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியும் இறங்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் அவர்களால் பக்கத்தில் போக முடிந்தது.

மாயனின் காரியம் முடிந்ததும் விருமாயி தாய்வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கதவு ஏன் திறக்கல? அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அது வரைக்கும் உங்க வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன்."

ஒச்சப்பன் போய்க் கதவைத் திறந்து பார்த்தான். லேசாகத் திறந்தது. மூடினான், மூடியது. நேரம் சரியில்லை என்றார்கள் சொந்தக்காரர்கள். பையன் பதறியிருப்பான் என்றார்கள். செத்தவன் மேல் பழி போடுவது எப்போதும் சுலபம். ஒச்சப்பனுக்கு மனசு ஆறவில்லை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ராவுத்தரிடம் வந்தான்.

"பாய், கதவு இப்ப நல்லாத்தான் திறக்குது. அன்னிக்கு ஏன் திறக்கல?"

ராவுத்தர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து, கூட்டுக்கும் சேசிசுக்கும் நடுவில் கையால் தடவிப் பார்த்தார்.

"ரப்பர் எங்க?"

"அது நைஞ்சு போகும்னு எடுத்துட்டேன். கெட்டியா இருக்கட்டும்னு சுத்தி வெல்டு வச்சேன் பாய்."

"உள்ள உக்காரு. கண்ணாடிய ஏத்திக்க."

உட்கார்ந்தான். ராவுத்தரே கதவைச் சாத்தினார். பிறகு ஜாக்கியைப் போட்டு, இடது முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பெரிய கல்லைத் தள்ளினார். அந்தப் பக்கம் போய், வலது பின்சக்கரத்துக்கு அடியில் இன்னொரு கல். வண்டி கோணியது. எங்கோ தகரம் முனகியது.

"இப்ப இறங்கு."

ஒச்சப்பன் கைப்பிடியை இழுத்தான். கதவு அசையவில்லை. அந்தப் பக்கத்துக் கதவுக்குத் தாவினான். பின்கதவுகளையும் பார்த்தான். கண்ணாடி ஒரு விரல்கடை இறங்கிச் சிக்கிக்கொண்டது. வெயிலில் உள்ளே அடுப்பாகக் காய்ந்தது. திரும்பவும் முன்னால் வந்து கதவைத் தோளால் இடித்தான். இடித்த இடத்தில் தகடு ஏற்கெனவே உள்வாங்கியிருந்தது. அது யாருடைய தோள் பட்டு நெளிந்தது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பாய்!" என்று அலறினான். "பாய், கல்லை எடுங்க!"

ராவுத்தர் கல்லை உருவினார். கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒச்சப்பன் வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். ராவுத்தர் தேற்றவில்லை. அவருக்குத் தேற்றத் தெரியாது.

அழுகை ஓய்ந்த பிறகு ஒச்சப்பன் சொன்னான்.

"ஒவ்வொரு வண்டியும் கிளம்புறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு கல்லையும் நாந்தானே பாய் வைப்பேன். நீங்க உள்ள உக்காந்திருப்பீங்க. நாலு கதவையும் திறந்து திறந்து இறங்குவீங்க."

"ஆமா."

"நாலு திசைக்கும் துவா செய்றீங்கன்னு நினைச்சேன்."

ராவுத்தர் அவனையே பார்த்தார்.

"உன் வண்டிக்கு நீ என்ன செஞ்ச?"

"நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சேன். நாலு திசைக்கும் சூடம் காட்டினேன்."

ராவுத்தரின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த ஜாக்கிக் கம்பியைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய். கல்லு மேல ஏறினா சேசிஸ் முறுக்கும், கூடும் சேர்ந்து முறுக்கினா கதவு இறுகிடும், அது கூடாதுன்னுதான் ரப்பர்னு ஒரே ஒரு வார்த்தை."

"என்னைப் பெத்த அத்தாவே எனக்குச் சொன்னதில்ல. பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

"அது உங்களுக்குப் பெருமை. இங்க ஒரு உசுரு போச்சே பாய்."

ராவுத்தர் பதில் பேசவில்லை. இந்த மௌனத்தைத்தான் ஊர் இத்தனை காலம் ஞானம் என்று கும்பிட்டது. ராவுத்தரும் அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"விருமாயி வாசல்லயே நிப்பா," என்றான் ஒச்சப்பன். "கதவு ஏன் திறக்கலன்னு கேப்பா. நான் என்னன்னு சொல்ல?"

"கனி பாய் சொல்லித் தரலன்னு சொல்லு."

"நானும் கேக்கலையே பாய்."

"அதை ரெண்டாவதா சொல்லு."